வண்டிக்கு வயசாகலை, ரப்பருக்குத்தான் வயசாச்சு

நெல்லு, மாடு, வாய்க்கால்னு எழுதற இடத்துல இன்னைக்கு காரு பத்தி எழுதறேன். அதுவும் காரோட பின்பக்கம் அடியில, யார் கண்ணுக்கும் படாம கெடக்கற ஒரு ரப்பர் துண்டு பத்தி. அதுக்குப் பேரு புஷ். சின்ன விஷயம்தானேன்னு நெனைக்காதீங்க. அந்த ரப்பர் தேஞ்சுபோனதைக் காரணமா வெச்சு, நம்ம பக்கம் நல்லா ஓடற வண்டிங்களை காயலான் கடைக்கு அனுப்பிக்கிட்டு இருக்காங்க. பட்டறைக்காரர் ஒரு பக்கம், கம்பெனி ஒரு பக்கம், கவர்மெண்டு ஒரு பக்கம். மூணு பேரும் சேர்ந்து சொல்றது ஒண்ணுதான்: "பழசாயிடுச்சு, தூக்கிப் போடு."

நான் சொல்றது வேற. பழைய காருல பின்பக்கம் டொக்கு டொக்குன்னு சத்தம் வந்தா, வால் ஆடுனா, முதல்ல பாக்க வேண்டியது புஷ். அதை மாத்தினா வண்டி இன்னும் பல வருஷம் ஓடும். மாத்தறதும் பெரிய வித்தை இல்லை. ஆனா முறைப்படி மாத்தணும். இதை விட்டுட்டு வண்டியையே ஒழிக்கச் சொல்றது, ஏருல கொழு தேஞ்சதுக்கு மாட்டை அடிமாட்டுக்கு விக்கச் சொல்ற மாதிரி.

அரியாங்குப்பம், மணவெளி, நோணாங்குப்பம், தவளக்குப்பம் பக்கம் வீட்டு வாசல்ல நிக்கற வண்டிங்களை ஒரு தடவை எண்ணிப் பாருங்க. மாருதி 800, ஆம்னி, பழைய ஆல்ட்டோ, அங்கொண்ணு இங்கொண்ணா அம்பாசிடர். இதெல்லாம் சும்மா பெருமைக்கு வெச்சிருக்கற வண்டி இல்லை. ராத்திரி நெஞ்சு வலின்னா ஜிப்மருக்குப் போறது அதுலதான். கத்திரிக்காய் மூட்டையைப் பெரிய மார்க்கெட்டுக்குக் கொண்டு போறதும் அதுலதான். புது வண்டிக்கு மாசத் தவணை கட்ட முடியாத குடும்பத்துக்கு அந்தப் பழைய வண்டிதான் காலு. அதனாலதான் இதுல எனக்குக் கோபம் வருது.

புஷ்னா என்னன்னு முதல்ல சொல்லிடறேன். என்கிட்ட இருக்கறது 2003 மாடல் மாருதி 800. அதுல பின்பக்கம் ஒரே நீள அச்சு. அந்த அச்சை வண்டியோட உடம்புல பிடிச்சு வெச்சிருக்கறது மூணு கை. ரெண்டு கை முன்பின்னா ரெண்டு பக்கமும் போகுது, அது டிரெய்லிங் ஆர்ம். ஒரு கை குறுக்கால போகுது, அது லேட்டரல் ராடு. சுருள் ஸ்பிரிங் எடையைத் தாங்குது. ஷாக் அப்சர்பர் ஆட்டத்தை அடக்குது. ஆனா அச்சு முன்ன பின்ன போகாம, இடம் வலம் நகராம இருக்கறது இந்த மூணு கையாலதான். ஒவ்வொரு கைக்கும் ரெண்டு முனை. ஒவ்வொரு முனையிலயும் ஒரு கண்ணு, கண்ணுக்குள்ள ஒரு புஷ். ஆக மொத்தம் ஆறு. ஆம்னியிலயும் அம்பாசிடர்லயும் சுருள் இல்லை, பட்டை ஸ்பிரிங். அதுலயும் பட்டையோட ரெண்டு முனையிலயும் ரப்பர் புஷ் உண்டு.

புஷ்ஷை வெட்டிப் பாத்தா வெளியில ஒரு இரும்புக் குழாய், உள்ள ஒரு சின்ன குழாய், நடுவுல ரப்பர். உள் குழாய்க்குள்ள போல்ட் போகுது. போல்ட்டை முடுக்கினா உள் குழாய் வண்டியோட பிராக்கெட்டுல இறுகிடும், அது சுத்தாது. வெளிக் குழாய் கையோட கண்ணுல இறுகியிருக்கும், அதுவும் கண்ணுக்குள்ள சுத்தாது. அப்ப சக்கரம் மேல கீழ போறப்ப அசையறது எது? நடுவுல இருக்கற ரப்பர்தான் முறுக்கிக் கொடுத்து, திரும்ப வருது. இதை நம்ம பட்டறைங்கள்ல சைலன்ட் பிளாக்குன்னு சொல்வாங்க. அது சிலான்பிளாக்குன்ற பிரெஞ்சு வியாபாரப் பேரு. நம்ம புதுச்சேரியில பிரெஞ்சுப் பேரு தெருப் பலகையில மட்டும் இல்லை, வண்டிக்கு அடியிலயும் இருக்கு.

இந்த விவரம் தெரியாததாலதான் முதல் தப்பு நடக்குது. சத்தம் வந்தா உடனே பழைய ஆயிலை ஊத்தறது, கிரீஸ் அடிக்கறது. மாட்டு வண்டிக்கு மை போடணும், நியாயம். அங்க சக்கரம் அச்சு மேல சுத்துது, உராயுது. இங்க எதுவும் சுத்தலை. உராய இடமே இல்லாத இடத்துல எண்ணெய் எதுக்கு? எண்ணெய் பட்டா இயற்கை ரப்பர் உப்பி, கொழகொழன்னு ஆயிடும். ரெண்டு நாளு சத்தம் அடங்கும். அதைப் பாத்து "சரியாயிடுச்சு"ன்னு நெனைச்சுக்குவோம். உள்ள ரப்பர் செத்துக்கிட்டு இருக்கும். காசு வாங்கிக்கிட்டு இப்படி ஆயில் ஊத்தி அனுப்பற பட்டறை எத்தனை இருக்குன்னு உங்களுக்கே தெரியும்.

நம்ம பக்கம் ரப்பர் சீக்கிரம் போறதுக்குக் காரணமும் இருக்கு. ஒண்ணு வேகத்தடை. முருங்கப்பாக்கத்துல இருந்து உள் ரோட்டுல திரும்பினா ஒவ்வொரு தெருவுக்கும் ஒண்ணு, அதுவும் வரப்பு மாதிரி கூரா. ஒவ்வொரு தடவை ஏறி இறங்கறப்பவும் ஆறு புஷ்ஷும் முறுக்குது. ரெண்டாவது சுமை. பின் சீட்டை மடிச்சுட்டு ரெண்டு மூட்டை, மூணு மூட்டைன்னு ஏத்தறோம். மூணாவது வெயில். ரப்பர் சூட்டுலயும் காத்துலயும் வருஷக் கணக்கா இருந்தா கெட்டிப்பட்டு வெடிக்கும், ஓடாம நிறுத்தி வெச்சிருந்தாலும் வெடிக்கும். நாலாவது உப்பு. ஒரு பக்கம் கழிமுகம், ஒரு பக்கம் வீராம்பட்டினம் கடல். உப்புக்காத்து ரப்பரை விட இரும்பைத்தான் முதல்ல தின்னும். போல்ட்டும் உள் குழாயும் துருப்பிடிச்சு ஒண்ணா ஒட்டிக்கும். கழட்டப் போனா போல்ட் வராது. அப்பதான் பட்டறைக்காரருக்கு எரிச்சல் வருது, "இந்த வண்டி தேறாது சார்"னு வாயில வருது.

தேஞ்ச புஷ்ஷோட வண்டி ஓட்டறதை நான் லேசா எடுத்துக்கச் சொல்லலை. அச்சைப் பிடிச்சிருக்கற கையில பிடிப்பு இல்லைன்னா அச்சு தன் இஷ்டத்துக்கு நகரும். ஒரு பக்கம் ரப்பர் போயி இன்னொரு பக்கம் இருந்தா, பின் சக்கரம் கோணலா நிக்கும். வண்டி நண்டு மாதிரி சாய்ஞ்சுக்கிட்டே போகும். ஸ்டியரிங்கை ஒரு பக்கமா பிடிச்சாத்தான் நேரா போகும், டயர் ஒழுங்கில்லாம தேயும். கடலூர் ரோட்டுல பஸ் பக்கத்துல உரசற மாதிரி முந்திக்கிட்டுப் போறப்ப, அந்தக் காத்துக்கே வால் ஒரு ஆட்டு ஆடும். மழையில திடீர்னு பிரேக் அடிச்சா என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்லை. சத்தம் மட்டும்தானேன்னு ரேடியோவைச் சத்தமா வெச்சுட்டு ஓட்டறவங்களுக்கு இதைச் சொல்றேன். அது சத்தம் இல்லீங்க, எச்சரிக்கை.

இப்ப பட்டறை கதைக்கு வரேன். ஊரு, பேரு வேண்டாம். போன வருஷம் என் வண்டியில பின்பக்கம் சத்தம். ஒரு பட்டறையில விட்டேன். பாத்தவுடனே "ஷாக் அப்சர்பர் போச்சு அண்ணே"ன்னாங்க. "ஆயில் கசியுதா தம்பி?"ன்னு கேட்டேன். கசியலை. வண்டியோட பின்பக்கத்தை அமுக்கி விட்டா ஒரு தடவை எழுந்து நின்னுடுது, திரும்பத் திரும்ப ஆடலை. அப்படின்னா ஷாக் நல்லாத்தான் இருக்கு. "கடப்பாரை எடுத்து அந்தக் கையை நெம்பிப் பாரு"ன்னு சொன்னேன். நெம்பினா கை விரல் கனத்துக்கு நகருது. ரப்பர் சுத்தி வெடிச்சு, உள் குழாய் ஒரு ஓரமா போய் உக்காந்திருக்கு. அதைக் கண்ணால பாத்த பின்னாடியும் அந்தத் தம்பி சொன்னது: "புஷ் மட்டும் மாத்தறதெல்லாம் இப்ப யாரும் பண்றது இல்லண்ணே. ஷாக்கு, ஆர்மு எல்லாம் செட்டா மாத்திடலாம். அதுக்கு ஆவுற செலவுக்கு வண்டியைக் குடுத்துட்டு வேற பாக்கலாம்." சில நூறு ரூபாய்ல முடியற சாமானுக்கு ஆயிரக்கணக்குல பில்லு, அதோட நிக்காம வண்டியையே விக்க யோசனை. நான் வண்டியை எடுத்துட்டு வந்துட்டேன். வேற ஒரு மெக்கானிக், லேத் பட்டறை, என் கையும் கொஞ்சம், சேர்ந்து ஆறு புஷ்ஷும் மாத்தினோம். சத்தமும் போச்சு, வால் ஆட்டமும் போச்சு.

அந்தத் தம்பி மேல மட்டும் எனக்குக் கோபம் இல்லை. புஷ் மாத்தறதுல வேலை அதிகம், வரும்படி கம்மி. அசெம்பிளியா மாத்தினா வேலை கம்மி, வரும்படி அதிகம். எந்தப் பக்கம் சாய்வாங்கன்னு புரியுது. ஆனா புரியுதுங்கறதுக்காக ஒத்துக்க முடியாது. கூலியைச் சேத்து கேளு தம்பி, கொடுக்கறோம். நல்லா இருக்கற ஷாக்கை கெட்டதுன்னு சொல்லாத, அவ்வளவுதான் கேக்கறேன்.

வேலையை எப்படிச் செய்யணும்னு தெரிஞ்சு வெச்சுக்கிட்டா யாரும் ஏமாத்த முடியாது. அதனால எழுதி வெக்கிறேன்.

முன் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டை போடணும். பின்பக்கத்தை ஜாக்கியில தூக்கி, ஸ்டாண்டு மேல உக்கார வெக்கணும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில போகவே கூடாது. செங்கல், ஹாலோ பிளாக்கு வெக்கறதும் கூடாது, அது சொல்லாம கொள்ளாம நொறுங்கும். அச்சுக்கு அடியில தனியா ஒரு முட்டு இருக்கணும். துருப்பிடிச்ச போல்ட்டுக்கு முந்தின நாளே துரு இளக்கற மருந்து அடிச்சு ஊற வெக்கணும். புஷ் எப்படியும் வெளிய போறதால அப்ப கொஞ்சம் பட்டாலும் பரவாயில்லை. புதுசு போட்ட பின்னாடி பட விடக் கூடாது.

ஒரு நேரத்துல ஒரு கையை மட்டும் கழட்டணும். மூணையும் கழட்டிட்டா அச்சு எங்கயோ போயி நிக்கும், திரும்பப் பொருத்த முழு நாள் ஆகும். கழட்டறதுக்கு முன்னாடி புஷ் எந்தத் திசையில இருக்குன்னு சுண்ணாம்புலயோ பெயிண்டுலயோ குறி வெக்கணும். சில வண்டி புஷ்ஷுல ரப்பருக்கு நடுவுல வேணும்னே ஓட்டை விட்டிருப்பாங்க, அது திசை மாறினா வேலை செய்யற விதமே மாறிடும்.

பழைய புஷ்ஷை வெளிய தள்றதுக்கு லேத் பட்டறையில ஹைட்ராலிக் பிரஸ் இருக்கும். சரியான அளவு குழாய்த் துண்டு வெச்சுத் தள்ளினா அஞ்சு நிமிஷ வேலை. இதுக்குச் சோம்பல் பட்டு, ரோட்டோரமா நெருப்பு வெச்சுக் கொளுத்தறாங்க. கரும்பொகை தெரு முழுக்க. அந்தச் சூட்டுல கண்ணு இருக்கற இடத்துல பெயிண்ட் எரிஞ்சு, அடுத்த மழைக்கே துரு ஏறுது. சம்மட்டியால அடிச்சு எறக்கறதும் இருக்கு, கண்ணு முட்டை வடிவமா ஆயிடும், அப்புறம் புதுசு இறுக்கமா உக்காராது. புது புஷ்ஷை உள்ள தள்றப்ப வழுக்கலுக்கு சோப்புத் தண்ணி போதும். கிரீஸ் வேண்டாம்.

கடைசியா சொல்றதுதான் முக்கியம், இதைத்தான் பாதிப் பட்டறையில செய்யறது இல்லை. போல்ட்டைக் கடைசி இறுக்கு இறுக்கறது வண்டி தரையில நாலு கால்ல நிக்கறப்ப. வண்டி ஜாக்கி மேல இருக்கறப்ப சக்கரம் தொங்கும், கையும் கீழ் நோக்கித் தொங்கும். அந்த நிலையில முடுக்கிட்டா உள் குழாய் அங்கயே பிடிச்சுக்கும். அப்புறம் வண்டியை எறக்கினா ரப்பர் முறுக்கின நிலையிலயே நிக்கும். வேகத்தடை ஏறினா முறுக்குக்கு மேல முறுக்கு. கழுத்தை ஒரு பக்கமா திருப்பிக் கட்டிட்டு தலையில மூட்டை ஏத்தற மாதிரி. நல்ல கம்பெனி புஷ்ஷா இருந்தாலும் சீக்கிரம் கிழிஞ்சிடும். கிழிஞ்சவுடனே என்ன சொல்வாங்க? "பழைய வண்டி அண்ணே, எது போட்டாலும் நிக்காது." நிக்காதது வண்டியால இல்லை, முடுக்கின விதத்தால. எறக்கி வெச்சு, பின்பக்கத்தை நாலு தடவை அமுக்கி விட்டு, அப்புறம் மேனுவல்ல போட்ட அளவுக்கு இறுக்கணும். இதுக்குக் கூடுதலா ஆவறது பத்து நிமிஷம்.

இன்னொண்ணு. ஒரு பக்கம் மட்டும் மாத்தாதீங்க, ஜோடியா மாத்துங்க. பழைய டயரை அறுத்துச் செஞ்ச மலிவு புஷ்ஷும் விக்குது, அதை வாங்காதீங்க. அதுல ரப்பரும் இரும்பும் ஒட்டியே இருக்காது, வெறுமனே செருகி வெச்சதுதான்.

இதுவரைக்கும் பட்டறையைச் சொன்னேன். அந்தத் தம்பியும் ஒரு நியாயம் வெச்சிருந்தார்: "சில வண்டிக்கு புஷ் தனியாக் கெடைக்கவே மாட்டேங்குதுண்ணே." அது உண்மை. 800-க்கு இன்னைக்கும் கெடைக்குது. ஆனா புதுப்புது மாடல்ல பல வண்டிக்கு முழுக் கையா வாங்குன்னு சொல்றாங்க. ரப்பர் தேஞ்சா இரும்பையும் சேத்து வாங்கணும். ஆயில் எஞ்சின்ல கப்ளிங் புஷ் தேஞ்சா நாம ரப்பரை மட்டும்தானே மாத்தறோம்? பம்பையே வாங்குன்னு எவனாவது சொன்னா சும்மா விடுவோமா? காருன்னா மட்டும் ஏன் வாயை மூடிக்கறோம்?

சாமானை வெளிப் பட்டறைக்குக் கொடுக்காம கம்பெனிங்க பூட்டி வெக்கறது புதுசு இல்லை. 2014 ஆகஸ்ட் 25-ந் தேதி இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல அபராதம் போட்டுச்சு. குத்தம் என்னன்னா, அசல் உதிரி பாகத்தையும் ரிப்பேர் விவரத்தையும் வெளிச் சந்தையில தாராளமாக் கெடைக்க விடலைங்கறதுதான். அப்புறம் மேல்முறையீடு, வழக்குன்னு இழுத்துச்சு. அதே 2014-லதான் ஜனவரியில மாருதி 800 தயாரிப்பு நின்னுச்சு, மே மாசம் மேற்கு வங்காளத்துல உத்தர்பாரா தொழிற்சாலையில அம்பாசிடர் நின்னுச்சு. சாதாரண மெக்கானிக் ஸ்பேனரை வெச்சே பிரிச்சு மாட்டக் கூடிய ரெண்டு வண்டியும் ஒரே வருஷத்துல போச்சு. 2022-ல மத்திய நுகர்வோர் துறை, பழுது பாக்கற உரிமைக்குன்னு ஒரு குழு போட்டுச்சு. விவசாயக் கருவி, செல்போன், வீட்டுச் சாமான், வண்டி, இந்த நாலையும் அதுல சேத்தாங்க. இணையதளமும் திறந்தாங்க. நல்ல விஷயம்தான். ஆனா இணையதளம் திறந்தா புஷ் கடைக்கு வந்துடாது. தனியா விக்கணும்னு கட்டாயச் சட்டம் வரணும்.

இப்ப கவர்மெண்டு. 2021 ஆகஸ்ட் 13-ந் தேதி பழைய வாகனம் கழிக்கும் கொள்கையை ஆரம்பிச்சாங்க. 2022 ஏப்ரல் 1-ல இருந்து, 15 வருஷம் தாண்டின காரோட பதிவைப் புதுப்பிக்கற கட்டணம் 600 ரூபாய்ல இருந்து 5,000 ஆச்சு. 2025 ஆகஸ்ட்ல, 20 வருஷம் தாண்டின காருக்கு 10,000 ஆக்கிட்டாங்க. அதே நேரம், வண்டியை ஒடைக்கக் கொடுத்து சான்றிதழ் வாங்கினா, புதுசா வாங்கற சொந்த வண்டிக்கு சாலை வரியில 25 சதவீதம் வரைக்கும் தள்ளுபடி கொடுக்கலாம்னு மாநிலங்களுக்குச் சொன்னாங்க. வண்டி உதிரி பாகத்துக்கோ ஆடம்பரப் பொருள் மாதிரி 28 சதவீத ஜி.எஸ்.டி. போட்டு வெச்சிருந்தாங்க, 2025 செப்டம்பர் 22-லதான் அது 18 ஆச்சு. சேத்து வெச்சுப் பாருங்க. ஒடைக்கறவனுக்குச் சலுகை, பழுது பாத்து ஓட்டறவனுக்குக் கட்டணம்.

"பழைய வண்டி பொகை விடுதே, ஊரு நாறுதே"ன்னு கேப்பீங்க. கேக்க வேண்டிய கேள்விதான். கரும்பொகை விடற வண்டிக்கு நான் வக்காலத்து வாங்கலை. அதை நிறுத்துங்க, அஞ்சு வருஷ வண்டியா இருந்தாலும் நிறுத்துங்க. டெல்லியில காத்து மோசம்னு 10 வருஷ டீசல், 15 வருஷ பெட்ரோல் வண்டி ஓடக் கூடாதுன்னு பசுமைத் தீர்ப்பாயம் சொல்லி, 2018-ல சுப்ரீம் கோர்ட்டும் உறுதி பண்ணுச்சு. அது டெல்லி காத்துக்கு. கடல் காத்து அடிக்கற அரியாங்குப்பத்துல, மாசத்துக்கு நாலு தடவை மார்க்கெட்டுக்குப் போற 800-ஐயும் தினம் நூறு கிலோமீட்டர் ஓடற வாடகை வண்டியையும் ஒரே வருஷக் கணக்குல அளந்தா அது நியாயமா? சோதனை பண்ணுங்க. பொகையைப் பாருங்க, பிரேக்கைப் பாருங்க, அடியில புஷ்ஷை நெம்பிப் பாருங்க. தேறலைன்னா சீட்டு கொடுக்காதீங்க, நானே கை தட்டறேன். உடம்புல பிராக்கெட் இருக்கற இடமே உப்புக்காத்துல துருவேறி பொத்தலாயிட்டா, அந்த வண்டியை ஓட்டாதீங்கன்னு நானும்தான் சொல்வேன். ஆனா தேறின வண்டிக்கும் வயசுக்காக மட்டும் பத்தாயிரம்னா, அது சோதனைக் கட்டணம் இல்லை, ஏழைக்குப் போட்ட தண்டம்.

வயசைப் பாத்து ஒழிக்கறது நம்ம வழக்கமே இல்லை. வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேரை எடுத்துக்குங்க. ஆடி அஞ்சாவது வெள்ளிக்கு கவர்னரே வந்து வடம் பிடிக்கற தேரு, பிரெஞ்சுக்காரன் காலத்துல இருந்து வர்ற பழக்கம். அந்தத் தேருக்கு வயசாச்சு, ஒடைச்சுடலாம்னு யாராவது வாய் திறப்பாங்களா? திருவாரூர் ஆழித்தேருக்கு மரச் சக்கரம் தாங்கலைன்னப்ப, திருச்சி பெல் தொழிற்சாலையில இரும்பு அச்சும் சக்கரமும் செஞ்சு மாட்டி, ஹைட்ராலிக் பிரேக்கும் வெச்சாங்க. தேரு அதே தேருதான். தேஞ்சதைத்தான் மாத்தினாங்க.

பிரெஞ்சுக்காரன்னு சொன்னதால இன்னொண்ணு. 1930-கள்ல சித்ரோயன் கம்பெனியில விவசாயிங்களுக்குன்னே ஒரு காரு செய்யணும்னு முடிவெடுத்தாங்க. தலைமை அதிகாரி புலாஞ்சே போட்ட நிபந்தனை: கூடை நெறைய முட்டையை வெச்சுக்கிட்டு உழுத நிலத்துல ஓட்டினா ஒரு முட்டையும் ஒடையக் கூடாது. 1948-ல பாரிஸ் கண்காட்சியில 2சிவின்னு அதை வெச்சாங்க, 1990 வரைக்கும் தயாரிச்சாங்க. தயாரிப்பு நின்னு முப்பது வருஷம் தாண்டியும் அங்க அதுக்கு உதிரி பாகம் செஞ்சு விக்கறாங்க, ஜனங்களும் ஆசையா ஓட்டறாங்க. அங்க அது பாரம்பரியம். இங்க நம்ம 800 மட்டும் குப்பையா? 2017-ல பெஜோ கம்பெனி அம்பாசிடர்ங்கற பேரை மட்டும் 80 கோடி ரூபாய் கொடுத்து வாங்குச்சு. பேருக்கே அவ்வளவு விலைன்னா, இன்னும் ஓடிக்கிட்டு இருக்கற வண்டிக்கு நாலு ரப்பர் செஞ்சு கொடுக்கறது நஷ்டமா ஆயிடும்?

நான் கேக்கறது நாலே நாலு. கம்பெனி, தேயற ரப்பரைத் தனியா விக்கணும், வண்டி நின்னு போனாலும் பல வருஷத்துக்கு விக்கணும். பட்டறைக்காரர், மாத்தறதுக்கு முன்னாடி வண்டிக்காரரைக் கூப்பிட்டு நெம்பிக் காட்டணும், கழட்டின பழைய சாமானைக் கையில கொடுக்கணும், வண்டியைத் தரையில எறக்கித்தான் முடுக்கணும். ஐ.டி.ஐ.யில படிக்கற பசங்களுக்கு இதை முதல் வருஷத்துலயே சொல்லிக் கொடுக்கணும். கவர்மெண்டு, வயசைப் பாக்காம தகுதியைப் பாத்துச் சீட்டு கொடுக்கணும், தேறின வண்டிக்குக் கட்டணத்தைப் பழையபடி குறைக்கணும்.

வண்டி வெச்சிருக்கற நமக்கும் ஒரு வேலை இருக்கு. ஐப்பசி மழைக்கு முன்னாடி ஒரு தடவை, வண்டியைத் தூக்கி, ஸ்டாண்டு போட்டு, டார்ச் லைட்டு அடிச்சு அந்த ஆறு இடத்தையும் பாத்துடுங்க. ரப்பர்ல வெடிப்பு, ஒரு ஓரமா போன குழாய், பிராக்கெட்டுல துரு. பாக்கறதுக்குக் காசு ஆவாது. அடுத்த தடவை எவராவது "வண்டி போச்சு"ன்னு சொன்னா, "எது போச்சு, நெம்பிக் காட்டு"ன்னு கேளுங்க.

அடுத்த பதிவு சொர்ணவாரி நாத்தங்கால் பத்தி.